தீர்த்தம் தெளித்த கேம் பெட்டி

எங்கள் வம்சத்தில் உருப்படாமல் போனவர்களுக்குப் பஞ்சமில்லை. என் தாத்தாவோடு பிறந்த சவரிமுத்து சேவல்கட்டில் வெற்றிலைக் கொடிக்காலையே விட்டார். அத்தை மகன் இன்னாசி சீட்டில் மாட்டைத் தோற்றுவிட்டு, கயிற்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்தான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சேவல் செத்தால் குழம்பாவது வைக்கலாம். மாட்டைத் தோற்றவன் மறுநாள் வெட்கத்தோடாவது வேலைக்குப் போனான். என் அண்ணன் சூசையின் மகன் ஸ்டீபன்ராஜ் அப்படி எதையும் தோற்கவில்லை. அவன் ஜெயித்தவன். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது ஒரே ஒரு நாள் ஜெயித்தான். தலை நரைத்த பிறகும் அந்த ஒரு நாளைத்தான் மென்றுகொண்டிருக்கிறான்.

எங்கே ஜெயித்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டீக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், மன்சூர் என்பவர் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். வாசலில் அழுக்குப் பச்சைத் திரை. உள்ளே பகலிலும் இருட்டு, வேர்வை நாற்றம். ஆள் உயர மரப்பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு டிவி கண்ணாடி, அதற்குக் கீழே ஆட்டுவதற்கு ஒரு குச்சி, அமுக்குவதற்கு நாலைந்து பட்டன். கல்லாவில் டோக்கன் வாங்கிப் போட்டால் கண்ணாடிக்குள் பொம்மைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அடுத்து ஆடப்போகிறவன் தன் டோக்கனைக் கண்ணாடி ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பான். ஜெயித்தவன் அப்படியே நிற்கலாம், தோற்றவன் விலகிக்கொள்ள வேண்டும். இதுதான் அந்தக் கடையின் சட்டம். படிக்கிற பிள்ளைகள் புத்தகப் பையோடு போய் அந்தச் சட்டத்தைத்தான் மனப்பாடம் செய்தார்கள்.

ஸ்டீபன்ராஜ் ஜெயித்தது ஏசு சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளிக்கிழமை அன்று. ஊரெல்லாம் விரதமிருந்து சிலுவைப்பாதைக்குப் போயிருந்தது. அவன் அப்பன் தோளில் மரச்சிலுவையைச் சுமந்துகொண்டு வெயிலில் நடந்தான். மகன் மன்சூர் கடையில். அதை அவன் வாயாலேயே கேளுங்கள்.

"காலையில ஒத்த டோக்கன் போட்டேன் சித்தப்பா. வந்தவன் பூராப் பேத்தையும் அடிச்சு அனுப்பிட்டேன். பாய்க்கு ஜும்மாவுக்கு நேரமாச்சு. 'ஏலே, தோத்துத் தொலைடா, கடையை அடைக்கணும்'னு கெஞ்சுறாரு. நான் தோத்தாத்தான! கடைசியில என்னய உள்ள வச்சே சட்டர இறக்கிப் பூட்டிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிட்டாரு. திரும்பி வந்து பாக்குறாரு, அதே டோக்கன்ல ஆடிக்கிட்டு இருக்கேன்!"

"உள்ளதான் ஒருத்தனும் இல்லையேடா. யாரை ஜெயிச்ச?"

"மெஷின, சித்தப்பா."

மெஷினுக்கு வேறு வேலையில்லை. இவனுக்கும் இல்லை.

அதிகம் ஜெயித்தவன் பெயரைப் பெட்டி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுமாம். மூன்று எழுத்துக்கு மேல் வாங்காதாம். இவனும் இங்கிலீஷில் மூன்று எழுத்துப் போட்டிருக்கிறான். "என் பேரு இன்னும் அதுக்குள்ள இருக்கு சித்தப்பா" என்பான். கல்யாண வீட்டில் சொல்வான், காது குத்தில் சொல்வான். அப்பன் சூசையின் உடல் நடுவீட்டில் கிடக்கும்போதும், மாலை போட வந்த பழைய கூட்டாளி ஒருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒன்றை மட்டும் சொல்ல மாட்டான். அன்றைக்குச் சூசை தன் மகள் ரோசலினை, அண்ணனைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினான். சின்னப் பிள்ளை. பூட்டிய சட்டரைக் கையால் தட்டித் தட்டி, "அண்ணே, அப்பா கூப்புடுறாரு" என்று அழுதிருக்கிறாள். உள்ளிருந்து இவன், "போடி, ஆட்டம் கெடுது" என்று கத்தியிருக்கிறான். தனியாகத் திரும்பி வந்ததற்கு அடி வாங்கியவள் அவள். அந்த அடி எந்தப் பெட்டியிலும் பதிவாகவில்லை.

பிறகு என்ன? பத்தாம் வகுப்பில் மெஷின் ஜெயித்தது, இவன் ஃபெயில். மன்சூர் கடையும் வீட்டுக்கு வீடு டிவி, கையில் போன் என்று வந்ததும் மூடப்பட்டது. ஸ்டீபன்ராஜ் இப்போது ரவுண்டு ரோட்டில் செல்போன் கவர் விற்கிறான். கவர் வாங்க வரும் பையன்கள் போனில் ஏதாவது விளையாடிக்கொண்டு நின்றால் இவனுக்கு இளக்காரம். "இதெல்லாம் கேமாடா? தோத்தா யாரு ஒன்னய வெலகிப் போகச் சொல்றா? மனுசன் முன்னால நின்னு தோக்கணும்டா" என்பான். பையன்கள் எதிர்க்கடையில் கவர் வாங்கிக்கொள்வார்கள்.

சோறு போடுகிறவள் அவன் மனைவி வினோலியா. மில் பஸ்ஸில் வேடசந்தூர் நூல் மில்லுக்குப் போய் வருகிறாள். பாவம், அவள் செய்த ஒரே தப்பு, ஒருநாள் பஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தது. "பழைய இரும்புக் கடை வாசல்ல, நீங்க சொல்வீங்களே, அது மாதிரி ஒரு பொட்டி நிக்குதுங்க" என்று வீட்டில் வந்து சொல்லிவிட்டாள். இவன் மறுநாளே ஓடினான். மன்சூர் கடைப் பெட்டியேதான். குச்சியின் தலையில் இவன் பல்லால் கடித்த தடம்கூட இருந்ததாம். எதற்காகக் கடித்தான் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரோசலின் வீட்டு மந்திரிப்பு, அதாவது சாமியார் வந்து புது வீட்டை ஆசீர்வதிக்கிற விசேஷம், வந்தது. அவளை ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்காரர் வீட்டில் கொடுத்திருந்தோம். கல்யாணத்தில் பீரோ வைக்கிறோம் என்று சூசை வாக்குக் கொடுத்தான். வைக்காமலே கண்ணை மூடிவிட்டான். மாமியார் ஜெயமேரி அதை மறக்கவில்லை. சேலையை மடித்து டிரங்குப் பெட்டியில் வைக்கும்போதெல்லாம், "உங்க அப்பன் ஊட்டுப் பீரோ இன்னும் நடந்து வந்துட்டிருக்குதா?" என்று கேட்பாள். இப்போது புது வீடு கட்டியபோது, நடுவறைச் சுவரில் பீரோவுக்கென்றே ஆள் உயரத்துக்கு மாடம் விட்டுக் கட்டச் சொல்லிவிட்டாள். மந்திரிப்புக்கு வருகிறவர்கள் எல்லோர் கண்ணும் அந்தப் பள்ளத்தில்தான் விழும். ரோசலின் போன் செய்து, "சித்தப்பா, வேற எதுவும் வேணாம். அந்த மாடம் மட்டும் காலியாக் கெடக்கக் கூடாது" என்றாள். வினோலியா மில்லில் சேர்த்த காசில் பச்சைப் பீரோ ஒன்று வாங்கியாகிவிட்டது.

குட்டியானை என்கிறார்களே, அந்தச் சின்ன லாரியில் பீரோ, பித்தளைக் குடம், குத்துவிளக்கு, சுரூபம் என்கிற மாதா சிலை எல்லாம் ஏற்றினோம். வீட்டுக்குப் பெரியவன் என்று நான் முன்னால் உட்கார்ந்தேன். வினோலியாவுக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. ஆயக்குடி மேற்கே இருக்கிறது. ஸ்டீபன்ராஜ் கை காட்ட, வண்டி வடக்கே திரும்பியது.

"ஏலே, எங்கடா போற?"

"செத்த நேரந்தான் சித்தப்பா. வேடசந்தூர்ல ஒரு சாமான எடுத்துட்டு, ஒரே வாடகையில போயிருவோம்."

இரும்புக் கடைக்காரர் சின்னக்கண்ணு, பெட்டியைத் தூக்கக் கை கொடுத்தார். வண்டியில் இடமில்லை. இவன் விலை பேசவுமில்லை, கொஞ்சம்கூட யோசிக்கவுமில்லை. பீரோவைக் கீழே இறக்கினான்.

"அண்ணே, இத எடுத்துக்கிறேன். அத இங்கன வச்சிருங்க."

சின்னக்கண்ணு புதுப் பீரோவைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். "சரி அப்பு, சரி அப்பு" என்றார். நான் கத்தினேன்: "அடேய், தங்கச்சி மாடத்துல என்னடா வைப்ப?"

"சாயங்காலம் வந்து ஏத்திட்டுப் போய் வச்சிர்றேன் சித்தப்பா. பீரோ எங்கயும் ஓடிராது. இத இன்னைக்கே உடைச்சுருவாரு."

பெட்டியைப் போர்வையால் சுற்றிக் கயிறு கட்டினான். கல்யாணப் பெண்ணைத் தொடுவதுபோல் தொட்டான். சொந்தப் பெண்டாட்டியை அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஆயக்குடியில் வண்டி நின்றதும் மேளம் முழங்கியது. பிறந்த வீட்டுச் சீர் வந்தால் பெண் வீட்டார் கை வைக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள்தான் இறக்குவார்கள். ஒவ்வொன்றாக இறக்க, மைக்கில் ஒருவர் அறிவிப்பார். "குத்துவிளக்கு ஒண்ணு! பித்தளைக் குடம் ரெண்டு! மாதா சுரூபம் ஒண்ணு!" போர்வை சுற்றிய உயரத்தைப் பார்த்ததும் அவர் சந்தேகமே படவில்லை. "பீரோ ஒண்ணூ!"

"அது... அது இல்லைங்க" என்று ஸ்டீபன்ராஜ் பின்னாலேயே ஓடினான். மேளத்தில் யாருக்குக் கேட்கும்? பெட்டிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் மாடத்தில் செருகினார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது, தலைக்கு மேலே மட்டும் இரண்டு சாண் இடம் மிச்சம். பின்னாலேயே பங்குச் சாமியார் வந்தார். செபம் சொல்லி அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தவர், சீருக்கும் தெளித்தார். அப்புறம்தான் ஜெயமேரி போர்வையை உருவினாள்.

கண்ணாடி. குச்சி. பட்டன். மேளம்கூடத் தானாக நின்றுவிட்டது.

"ஏனுங்க தம்பி, இது என்னங்க பீரோ? சேலைய எங்கீங்க வெக்கறது?"

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ரோசலின் முகம் செத்துவிட்டது. இவனைப் பார்த்தால் வாயைத் திறக்கிறான். எனக்குத் தெரியும், என்ன சொல்லப் போகிறான் என்று. "அது சீரு இல்லைங்க, என்னுது" என்று சொல்லிவிட்டால் மாடம் மறுபடி காலி. அத்தனை சொந்தத்துக்கு முன்னால், இனி அவள் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது.

"அது வந்துங்க அத்தை... அது..."

"நாந்தான் அத்தை கேட்டேன்." ரோசலின் முந்திக்கொண்டாள். "எங்கண்ணன் சின்னப் பிள்ளையில உசுரா வச்சிருந்தது. எங்கெங்கயோ தேடி எனக்குன்னு கொண்டாந்திருக்கு. பீரோவக் கடையில வாங்கிக்கிரலாம். இத எந்தக் கடையில வாங்குறது?" பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அப்படித்தானண்ணே?"

ஸ்டீபன்ராஜ் பெட்டியைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான். மறுபடி பெட்டியைப் பார்த்தான். தோற்றவன் விலகிக்கொள்ள வேண்டும் என்பது அவன் கடைச் சட்டம்தானே.

"ஆமா" என்றான். பிறந்ததிலிருந்து அவன் சொன்ன உருப்படியான சொல் அது ஒன்றுதான். அதையும் அழுகிற குரலில் சொன்னான். கூட்டத்தில் சிலர், அண்ணன் பாசத்தில் கலங்குகிறான் என்று நினைத்து உச்சுக் கொட்டினார்கள்.

பந்தி முடிந்ததும் கொல்லைப்பக்கம் அவளைப் பிடித்தான்.

"ஏ ரோசி, பீரோவ இன்னைக்கே கொண்டாந்து வச்சிர்றேன். அதத் திருப்பிக் குடுத்துருடி."

"வச்ச சீரத் திருப்பிக் கேக்குறவனெல்லாம் ஒரு அண்ணனா? தீர்த்தம் வேற தெளிச்சாச்சு."

"என் பேரு அதுக்குள்ள இருக்குடி."

"இருக்கட்டும். அன்னைக்கு நான் வெளிய நின்னு தட்டுனேன், நீ தொறக்கல. இப்ப நீ தட்டிக்கிட்டு நில்லு."

சாயங்காலம் வேடசந்தூர் போனோம். சின்னக்கண்ணு வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பீரோவா? ஒண்ண எறக்கி ஒண்ண ஏத்துனா இங்க அதுக்குப் பேரு மாத்து, அப்பு. மத்தியானமே ஒரு மில்லுக்காரர் கொண்டு போயிட்டாரே."

பழைய சாமான் கடை வழக்கம் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மெஷினை ஜெயித்தவனுக்குத் தெரியவில்லை. வினோலியா மில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதை விட்டுவிட்டாள்.

அந்தப் பெட்டி இன்றைக்கும் ஆயக்குடி வீட்டு மாடத்தில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை ஒருமுறை கரண்ட் கொடுத்துப் பார்த்தார். கண்ணாடி எரியவேயில்லை. ஜெயமேரி அதன் மேலே மாதா சுரூபத்தை வைத்து, கண்ணாடியும் குச்சியும் மறைகிற மாதிரி பூப்போட்ட துணி ஒன்றைத் தொங்கவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். மாதா உட்கார்ந்த இடத்தை இனி யார் நகர்த்துவது?

வருஷத்துக்கு ஒருதரம் கிறிஸ்துமஸ் கேக்கோடுகூடத் தங்கச்சி வீட்டை எட்டிப் பார்க்காதவன், இப்போது மாதம் தவறாமல் ஆயக்குடி போகிறான். போன முறை நானும் போயிருந்தேன். அவன் நேரே நடுவறைக்குப் போய், மாதா முன்னால் தலை குனிந்து நின்றான். கை இரண்டும் துணிக்குள்ளே. உதடு அசைகிறது.

ஜெயமேரி என் காதருகே வந்து, "சம்பந்தி, உங்க பையனுக்கு இருக்கற பக்தி இந்த ஊருல யாருக்குங்க இருக்குது? செபமாலையக்கூட வெளிய காட்டாம, துணிக்குள்ளயே உருட்டறாருங்க" என்றாள்.

துணிக்குள்ளிருந்து டக், டக், டக் என்று சத்தம் வந்தது. ரோசலின் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெயமேரி நகர்ந்ததும் நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏலே, செத்த பொட்டிடா அது. யாருகூடடா ஆடுற?"

கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "செத்த இருங்க சித்தப்பா. இன்னும் தோக்கல."