மூன்றாவது வேண்டாம்

டெனிஷ் மொழிப் பரீட்சையில் நான் இரண்டு முறை விழுந்தேன். இரண்டு முறையும் வாசிப்பில்தான். கதைக்கச் சொன்னால் கதைப்பேன். முதியோர் இல்லத்தில் பதினாறு வருடமாக அந்தச் சனத்தோடு கதைத்துத்தானே சீவிக்கிறேன். ஆனால் ஒரு பந்தியைத் தந்து, 'இதிலிருந்து என்ன விளங்குகிறது?' என்று கேட்டால் எனக்கு ஒரு கோதாரியும் விளங்குவதில்லை.

பாஸானால்தான் டென்மார்க் குடியுரிமைக்கு எழுதலாம். கணவரிடமும் மகளிடமும் சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது. விமான நிலையத்தில் அவர்கள் ஒரு வரிசையில் விறுவிறுவென்று போய்விடுவார்கள். நான் மற்ற வரிசையில் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள் கைப்பையோடு காத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிசை மட்டும்தான்.

மூன்றாம் முறைக்கு மகளே என்னைப் பிடித்து இருத்தினாள். அவளுக்குப் பதினேழு வயது. காலை வேலை முடித்து, எஸ்-ரயிலில் தூங்கி வழிந்து, அல்பர்ட்ஸ்லுண்டில் இறங்கி வீட்டுக்கு வந்தால், குசினி மேசையில் பழைய வினாத்தாள்களைப் பரப்பி வைத்திருப்பாள். எல்லாம் யாரோ எழுதிய கதைகளில் இருந்து வெட்டி எடுத்த பக்கங்கள். எழுதியிருப்பதைக் கேட்டால் சொல்லிவிடலாம். அவர்கள் எழுதாததை அல்லவா கேட்கிறார்கள்! காலையில் ஆறு பேரைக் குளிப்பாட்டிய உடம்பு, யாரோ ஒருத்தியின் மனதுக்குள் போய் எப்படித் தேடும்?

ஒரு நாள் வந்த பந்தி இது. ஒருத்தி புதிதாகக் குடிவந்த அயல்வீட்டுக்காரியைப் பார்க்கப் போகிறாள். வீட்டுக்காரி கோப்பி வேண்டுமா என்று கேட்கிறாள். வந்தவள் 'வேண்டாம், நன்றி' என்கிறாள். வீட்டுக்காரி கோப்பிக் கேத்திலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கதைக்கிறாள். வந்தவளைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்பது கேள்வி. நான் யோசிக்கவே இல்லை. 'அவளைப் பிடிக்கவில்லை' என்ற விடைக்குப் புள்ளடி போட்டேன்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏன்டி சிரிக்கிறாய்? ஒருக்காக் கேட்டிட்டு உள்ளுக்குக் கொண்டுபோய் வச்சிட்டாளே, இதைவிட என்ன அவமரியாதை வேணும்?"

"அம்மா, அவ வேண்டாம் எண்டு சொன்னவ."

"சொல்லத்தான் செய்வா. வந்த உடனே தா எண்டு கேக்கிறதே?"

முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, கேட்பவருக்கு உண்மையில் மனம் இருக்கிறதா என்று பார்க்க. மூன்றாம் தரம் கேட்டால், "சரி, கொஞ்சமாத் தாங்கோ" என்று வாங்கிக் குடிப்பது. எங்கள் சனத்தில் யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கேட்டுவிட்டு டெனிஷில் பதில் சொன்னாள்: இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான் அம்மா, அவ்வளவுதான்.

அதை அப்படியே தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். பால் எடுக்கும்போதும் கறி எடுக்கும்போதும் வாசித்தேன். வேலையிடத்திலும் நடைமுறைப்படுத்தினேன். யாராவது கிழவி கேக் வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் தட்டை எடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு அழுகை வரும். ஆனால் பயிற்சித்தாளில் விடைகள் சரிவரத் தொடங்கின.

பரீட்சையன்று காலை சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்.

"நானும் வரட்டோ அம்மா?"

"வேண்டாம் பிள்ளை. உனக்குப் பள்ளிக்கூடம் எல்லே."

"ஓகே. கெட்டித்தனமாச் செய்யுங்கோ," என்று என் கன்னத்தில் ஒரு கொஞ்சல் கொஞ்சிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். நான் தனியாக ரயில் நிலையத்துக்கு நடந்தேன். இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாமே.

பரீட்சையின் கடைசிப் பந்தியில் வயதான தாய் ஒருத்தி. மகன் தொலைபேசியில், ஞாயிற்றுக்கிழமை வரவா என்று கேட்கிறான். 'வேண்டாம், உனக்கு வேலை இருக்கும், நான் நல்லாய் இருக்கிறேன்' என்கிறாள். தொலைபேசியை வைத்துவிட்டு, மேசையில் இருந்த இரண்டு கோப்பைகளில் ஒன்றை எடுத்து அலுமாரிக்குள் வைக்கிறாள். தாயின் விருப்பம் என்ன?

மகன் வரவேண்டும். என் கை தானாகவே புள்ளடி போட்டது. பிறகு குளிர்சாதனப் பெட்டி ஞாபகம் வந்தது. காலையில் சைக்கிளில் போன என் பிள்ளையின் முதுகும் ஞாபகம் வந்தது. நான் வேண்டாம் என்றேன், அவள் போய்விட்டாள். அப்படியானால் இங்கே இப்படித்தான். போட்டதை வெட்டிவிட்டு, 'தனியாக இருக்க விரும்புகிறாள்' என்பதற்குப் புள்ளடி போட்டேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னேரம் அந்தப் பந்தியை மகளுக்கு ஒப்புவித்தேன். அவள் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ அம்மா! ரெண்டு கோப்பை வச்சிருந்தவ. அவன் வரவேணும் எண்டுதானே அவவுக்கு ஆசை. இது ஆருக்கும் விளங்குமே!"

"ஆருக்கும் விளங்குமோ?"

"ஓம்!"

"அப்ப நீ ஏன் காலமை வரேல்லை?"

"நீங்கள் வேண்டாம் எண்டனீங்கள்..." என்று தொடங்கினாள். நான் எழும்பிப் போய் அரிசி கழுவினேன். அழுததைத் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் மறைத்தது என்றுதான் நினைக்கிறேன்.

சில வாரங்களில் முடிவு வந்தது. கொஞ்சத்தில் தவறிவிட்டது. அந்த ஒரு விடைதானா என்று யாருக்குத் தெரியும். வேலை உடுப்பைக்கூடக் கழற்ற மனமில்லாமல் கதிரையில் இருந்தேன். இனிப் போதும், அந்த மற்ற வரிசையிலேயே நின்று சாகிறேன் என்றேன். மகள் கணினியைத் திறந்து அடுத்த பரீட்சைக்கு என்னைப் பதிந்தாள். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் இருந்த தாளைக் கிழித்து எறிந்துவிட்டு, சுவர் நாட்காட்டியில் அந்தத் திகதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"அண்டைக்கு நானும் வாறன்."

"வேண்டாம் பிள்ளை, உனக்குப் பள்ளிக்கூடம்."

அவள் பேனையை மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது எத்தினையாவது வேண்டாம்?"