துரைகள் பார்க்க வந்த சரளைக்காடு

என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தப்பாகவே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். துரைமார் தயவில் மேலே வந்தவனாம் நான். துரைமார் எனக்குக் கொடுத்தது ஒரு காக்கிச் சட்டை, ஓட்டுவதற்கு ஒரு கார். அதிலிருந்து பஸ் முதலாளி ஆனது என் மூளை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பெரிய மனிதர்கள் எல்லாம் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, பஸ்ஸின் பின்பக்கம் கரி அடுப்பைக் கட்டி, அந்தக் கரி வாயுவிலேயே புகை கக்கிக்கொண்டு சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஓட்டியவன். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். துரைமார் ஒரு தடவை என் சொந்தக் காட்டுக்கே வந்தார்கள். அந்தக் கதையைக் கேட்டால் தயவு என்ற பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வராது.

புதுச்சத்திரத்தில் பெரிய ரோட்டை விட்டு இறங்கி, வண்டித் தடத்தில் மேற்கே போனால் எங்கள் ஊர். எங்களுக்குக் கிணறும் தோட்டமும் உண்டு. ஊருக்கு வெளியே சரிவாக ஒரு சரளைக்காடும் உண்டு. சரளைக்காடு என்றால் மண்ணைவிடக் கல் அதிகம். ஏர் போகாது, போனாலும் கொழு தேய்வதுதான் மிச்சம். ஊர் ஆடுகள் மேய்ந்து மேய்ந்து, நுனி கடித்த கொழுக்கட்டைப் புல் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். பாகம் பிரித்தபோது கிணறும் தோட்டமும் என் அண்ணனுக்குப் போயின. எனக்கு அந்தச் சரளைக்காடு. பிரித்துக் கொடுத்தவர் எங்கய்யன், அதாவது என்னைப் பெற்ற தகப்பனார். “ஊர உட்டுப் போனவனுக்குத் தோட்டம் எதுக்கு?” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். நான் அப்போது சேலத்தில் பஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு உறவில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான் கல்லுக்காட்டுக்காரன்தான். பந்தியில் உட்காரும்போது, “கல்லுக்காட்டுக்காரருக்கு இன்னொரு கரண்டி போடுங்க, பாவம், அந்தக் காட்டுல என்ன வெளையும்?” என்று ஒருவர் சொல்லுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அண்ணனும் சேர்ந்து சிரிப்பான்.

துடைத்தவன் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நான் கற்ற வேகத்தில் அந்தக் காலத்தில் யாரும் கற்றதில்லை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத் துரை, மலைப்பாதையில் நான் வண்டியைத் திருப்புகிற விதத்தைப் பார்த்து என்னைத் தன் காருக்கு வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கோல்ஃப் என்று பெயர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூக்கு வளைந்த தடியால் எலுமிச்சை அளவுப் பந்தை அடித்து, அது போன இடத்துக்கு நடந்துபோய் மறுபடி அடித்து, எங்கேயோ கொடி நட்டிருக்கும் குழிக்குள் தள்ளவேண்டும். எதிராளி தடுப்பதில்லை, யாரும் ஓடுவதில்லை, விழுவதில்லை. இந்த விளையாட்டுக்கு ஒரு காடு முழுசும் வேண்டும்.

ஒரு மார்கழியில் துரையின் தம்பி கப்பலேறி விருந்துக்கு வந்தார். அவருக்கு வேலை மேற்கிந்தியத் தீவுகளில், கரும்புத் தோட்டத்தில். வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண் ரோட்டில் இருந்தாலும் காது பின் சீட்டில்தான் இருக்கும். எனக்கு இங்கிலீசு எழுத வராது, ஆனால் பேசினால் ஒரு சொல் தப்பாது. அவர் இருந்த தீவில் கடலோரமாக இரண்டு மைதானங்களாம். லீவு விட்டால் எதற்குப் போவது என்று சாப்பாட்டு மேசையில் சண்டையே நடக்குமாம். ஒன்றில் காற்று பந்தைக் கடலுக்குக் கொண்டுபோய்விடுமாம், மற்றொன்றில் மணல் விழுங்கிவிடுமாம். இப்படி ஒரு கவலை மனுசனுக்கு வாய்க்குமா என்று நினைத்துக்கொண்டே கியர் மாற்றினேன்.

ஏற்காட்டு மைதானத்தில் அந்த வருசம் பனிமூட்டம் விலகவே இல்லை. அடித்த பந்து எங்கே போனதென்று தெரியாமல் விருந்தாளி எரிச்சல்பட்டார். அதனால் சமவெளியில், வருசா வருசம் பண்டிகை லீவுக்கு இறங்கி விளையாட ஒரு இடம் பார்த்துவிடுவது என்று துரை முடிவுசெய்தார். ஓமலூர்ப் பக்கம் ஒரு புறம்போக்கு இருப்பதாக அவருடைய சிநேகிதர் ஒருவர் சொல்லியிருந்தார். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நிறுத்தித் திரும்பி, என்னிடம் ஒரு காடு இருக்கிறது, சரிவும் மேடும் உண்டு, தரை கட்டாந்தரை, பந்து விழுந்தால் ஓடும், வெட்டாமலே புல் ஒட்டக் கிடக்கும் என்றேன். துரை, “உனக்கு நிலம் இருக்கா?” என்றார். அவர் கேட்ட தோரணையை நான் மறக்கவில்லை.

இரண்டையும் பார்த்து ஒன்றை எடுப்பது என்று பேச்சாயிற்று. எடுத்த இடத்துக்குக் கார் போகப் பாதை வேண்டும், அதற்கு வேண்டிய இடத்தில் தான் சொல்வதாகத் துரை சொன்னார். அவர் சொன்னால் நடக்கும். அந்தப் பாதையில் பஸ் விட எனக்கு உத்தரவு வாங்கித் தருவீர்களா என்று அந்த இடத்திலேயே கேட்டேன். கேட்கத் தெரிந்தவன் நான். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் பஸ் என் சரளைக்காட்டு ஓரத்தில் நிற்கிறது. அண்ணன் வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறான். கொஞ்சம் தள்ளிப்போய் நிறுத்தச் சொல்கிறேன். இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை. எல்லாரும் சிரித்த அந்தக் காட்டையே துரைமார் தேடி வரவேண்டும், ஊர் அதைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

மறுநாளே ஊருக்குப் போய்ச் சொன்னேன். அண்ணன் கிணற்றில் மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். எங்கய்யன் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். துரைமார் என் காட்டைப் பார்க்க வருகிறார்கள், பந்து விளையாடத் தரை தேடுகிறார்கள், எதையும் தொடவேண்டாம், ஆட்டை மட்டும் ஓட்டாமல் இருங்கள் என்று விவரமாகத்தான் சொன்னேன்.

“அந்தக் காட்டயா?” என்றார் எங்கய்யன்.

“ஆமாங்கய்யா. அப்பிடியே கெடக்கட்டும்.”

அண்ணன் மாட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே, “ஏந் தம்பி, நம்மூட்டு ஆடு தின்ன மிச்சத்தப் பாக்கவா தொர அம்புட்டுத் தூரம் வாராரு?” என்றான். எங்கய்யன் அவனை அதட்டினார். எனக்காக அவர் அண்ணனை அதட்டியது அதுதான் முதல் தடவை. அதிலேயே மனம் குளிர்ந்து சேலத்துக்குத் திரும்பிவிட்டேன்.

பார்க்கிற நாளன்று முதலில் ஓமலூர். களர் பூத்த வெள்ளைத் தரை, தோசைக்கல் மாதிரி தட்டையாக இருந்தது. விருந்தாளி இரண்டு அடி அடித்துவிட்டுக் கொட்டாவி விட்டார். சரிவு இல்லாத இடத்தில் என்ன விளையாட்டு என்று காருக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். டிரைவரின் காடு அவன் சொன்ன மாதிரி இருந்தால் அதையே எடுத்துவிடலாம் என்று துரையிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். புதுச்சத்திரம் வரைக்கும் ஒரு குழியில்கூட வண்டியை இறக்காமல் ஓட்டினேன்.

வண்டித் தடம் முடிகிற இடத்தில் காரை நிறுத்தி, அவர்களை அழைத்துக்கொண்டு மேடு ஏறினேன். ஏறினதும் நின்றுவிட்டேன்.

காடு சிவப்பாகக் கிடந்தது. ஒரு புல் இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உழுது போட்டிருந்தது. சால் ஒவ்வொன்றும் கயிறு பிடித்த மாதிரி நேராக இருந்தது. கார்த்திகைக் கடைசியில் பெய்த மழை ஈரம் இன்னும் காயாமல் மண் புரண்டு கிடந்தது. கல்லையெல்லாம் பொறுக்கி வரப்போரம் குவித்திருந்தார்கள். அதுவும் போதாதென்று காடு நெடுக எருக் குவியல்கள், சாலுக்குச் சால் அளந்து வைத்த மாதிரி. மேட்டில் எங்கய்யன் வெளுத்த வேட்டி கட்டி நின்றார். பக்கத்தில் அண்ணன், கையில் இளநீர்க் குலை. ஊர் ஆட்களும் தள்ளி நின்றார்கள். எங்கய்யன் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு துரைமாரைக் கும்பிட்டார்.

“என்னங்கய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?” என்றேன்.

“தொரைங்க பாக்க வாராங்கன்னு சொன்னியே சாமி. தரிசா காட்டுனா நம்மூட்டுக்குத்தான கேவலம்? என்ற மகன் காட்டப் பாத்து ஒருத்தரு மூஞ்சியச் சுளிக்கக் கூடாதில்ல. ஊருல இருக்கற ஏரெல்லாம் கேட்டு வாங்கிப் பூட்டிட்டேன்.”

அண்ணன் தன் பங்குக்கு, “என்ற எருக்குழில பாதி இங்கதான் கெடக்குது தம்பி,” என்றான். கிண்டல் இல்லை. பெருமையாகத்தான் சொன்னான்.

பங்கு பிரித்த நாளிலிருந்து அந்தக் காட்டில் கால் வைக்காதவர் எங்கய்யன். எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தவர் இல்லை, நான் கார் ஓட்டுகிறேன் என்று நாலு பேரிடம் சொன்னவர் இல்லை. வாழ்நாளில் எனக்கென்று அவர் செய்த ஒரே காரியம் இது.

விருந்தாளி சட்டைப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கையிலிருந்து விட்டார். பொத்தென்று சாலில் விழுந்து அப்படியே குந்திக்கொண்டது. அவர் சிரித்துவிட்டு என்னவோ சொன்னார். எங்கள் தீவாக இருந்தால் இங்கே கரும்பு நட்டிருப்போம் என்று அதற்கு அர்த்தம். துரை பூட்சில் ஒட்டிய சாணத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டே இங்கிலீசில் என்னிடம் சொன்னார்: உன் தகப்பன் நல்ல விவசாயி, எங்களுக்கு வேண்டியது மோசமான விவசாயி.

“தொர என்ன சொல்றாரு சாமி?” என்று எங்கய்யன் கேட்டார்.

“நல்ல வெவசாயின்னு சொல்றாருங்க.”

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பந்தை எடுக்கக் குனிந்தேன். துரைமார் இளநீர் குடித்தார்கள். பெரிய ரோட்டை எட்டுவதற்குள் ஓமலூர் என்று முடிவாகிவிட்டது. தட்டையாக இருந்தாலும் பந்து ஓடுகிறதே என்றார் விருந்தாளி. இறுகின புல்தரை ஒரு தடவை உழுதால் போனது போனதுதான். மறுபடி அப்படி ஆக எத்தனை மழையும் எத்தனை ஆடும் வேண்டும்? ஓமலூர்ப் பக்கம் பாதை விழுந்தது. அதில் வேறு ஒருவனுடைய பஸ் ஓடிற்று.

அண்ணன் வேண்டுமென்றே செய்தான் என்று சில நாள் நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு நிற்கவில்லை. வீம்புக்காக எருவைக் கொட்டுகிற ஆள் அவன் இல்லை. கெடுக்க நினைத்துக் கெடுத்திருந்தால் ஊர் நடுவில் நின்று திட்டித் தீர்த்திருப்பேன். மரியாதை செய்து கெடுத்தவர்களை என்ன சொல்லித் திட்டுவது? அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் போகவில்லை. உழுத காட்டைச் சும்மா போடுவானேன் என்று அண்ணன் அதில் கொள்ளு விதைத்தான். நல்ல மழை, நல்ல எரு, விளைந்தது. அன்றிலிருந்து அது அவன் உழுகிற காடாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. பந்தியில் கல்லுக்காட்டுக்காரர் என்பது போய், பந்துக்காட்டுக்காரர் என்று பெயர் மாறிற்று.

துரையிடமிருந்து விலகி, கூட்டுக்கு ஆள் சேர்த்து, பிறகு கூட்டாளிகளையும் கழற்றிவிட்டுத் தனியாக பஸ் வாங்கினேன். எந்தத் துரையும் எனக்குச் சிபாரிசு செய்யவில்லை. நாமக்கல் ரோட்டில் முதல் நாள் நானே ஓட்டினேன். புதுச்சத்திரத்தில் ஒருவர் கை தூக்கினார். அண்ணன் இல்லை, எங்கய்யன். வண்டித் தடம் முழுக்கத் தலையில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்து வந்திருக்கிறார். நான் தள்ளிப்போய் நிறுத்தவில்லை, அவர் காலடியிலேயே நிறுத்தினேன்.

“உன்ற காட்டுக் கொள்ளு சாமி,” என்று மூட்டையை இறக்கினார்.

சேலம் வரைக்கும் வாருங்கள், முன் சீட்டில் உட்காருங்கள் என்றேன். காட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டார். பஸ்ஸைச் சுற்றிவந்தார். மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் ஜன்னல் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அந்தத் தொரைங்க இன்னம் மலமேலதான் இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அப்ப வெறும் உழவுதான சாமி பாத்தாங்க. அதான் புடிக்கல போல. இப்பக் காடு நல்லா வெளையுது. ஒருக்கா வந்து பாக்கச் சொல்லு.”

உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தான்.

“சொல்றேனுங்கய்யா,” என்றேன். கம்பியிலிருந்து கையை எடுத்தார். கண்டக்டர் விசில் கொடுத்தான், வண்டியை எடுத்தேன்.

கொள்ளு நல்ல திரட்சி. சேலத்தில் இறங்கியதும் மூட்டையோடு ஜட்காவண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டேன், குதிரைக்கு ஆகட்டும் என்று.