மூன்றில் சிறந்தது

சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கிழட்டு எலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முதுமையில் உடம்பு எப்படித் தளர்கிறது என்று மனிதரிடம் பார்க்க எழுபது எண்பது வருடம் காத்திருக்க வேண்டும். எலிக்கு இரண்டு வருடம் போதும். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போட்டிருக்கும் என் அப்பா, ஊரில் கேட்பவர்களிடம் "எம் பொண்ணு எலிக்கு வைத்தியம் பாக்குது" என்பார். வைத்தியம் எங்கே பார்த்தேன்? வெறுமனே அளந்தேன்.

எலி முன்கால்களால் ஒரு சின்னக் கம்பிவலையைப் பற்றிக்கொள்ளும். வாலைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தால், எவ்வளவு பலமாகப் பிடித்திருந்தது என்று கருவி காட்டும். ஒரு தடவை கால் வழுக்கலாம், இன்னொரு தடவை அதற்கே மனசில்லாமல் போகலாம். அதனால் மூன்று முறை இழுத்து, இருப்பதில் அதிகமானதை எழுதிக்கொள்வோம். பதினோரு வருடமாக இதே வேலை. கை பழகிவிட்டது, புத்தியும் கூடவே பழகிவிட்டது.

அம்மா போனபிறகு அப்பா தனியாக இருந்தார். போன தை மாதம் ஊருக்குப் போனபோது அவர் சட்டை தொளதொளவென்று தொங்கியது. வாசல்படி ஏற கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவரைத் தனியே விடலாமா, கையோடு கூட்டிப்போவதா என்று அன்றைக்கே முடிவுசெய்ய வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்து, கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னேன்.

"இன்னாம்மா, என்னியும் எலியாக்கிட்டியா?" என்று சிரித்தார்.

முதல் தடவை எழவே முடியவில்லை. இரண்டாம் தடவை பாதியில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றேவிட்டார். "பாத்தியா, நல்லாத்தான் கீறேன். நீ போயி உன் வேலயப் பாரு." நான் மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். நிம்மதியாக பஸ் ஏறினேன், மடச்சி. எலி எனக்காக நடிக்காது. விட்டு வர அதற்கு நிலம் எதுவும் இல்லை. இது எனக்கு அன்று உறைக்கவில்லை.

மாசியில் மோட்டார் போடப் போனவர் வாய்க்காலோரம் விழுந்தார். விழுந்தது காலையில், பக்கத்து நிலத்துக்காரர் பார்த்தபோது உச்சி வெயில். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கள்ளக்குறிச்சியில் ஆபரேஷன் முடிந்ததும் கேட்டேன், "முடியலன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருந்தா இட்டுகினு போயிருப்ப" என்றார்.

இப்போது இட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். முட்டை, பருப்பு, கால் பயிற்சி, படித்ததில் தெரிந்ததையெல்லாம் செய்கிறேன். அவர் தொடை சுருங்கிக்கொண்டே போகிறது. பதினோரு வருடம் பார்த்த தளர்ச்சி இது. அடுத்து என்ன வரும் என்று தெரிகிறது, தடுக்கத்தான் தெரியவில்லை.

போன வாரம் ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்தது. வெட்டு நடக்கும் நாளில் அப்பா வயலில் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. கரும்பை அடியோடு வெட்டாமல் கட்டையை உயரமாக விட்டால் ஆட்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். "கார் வச்சுப் போலாமாப்பா?" என்று கேட்டேன். உடனே கிளம்பவேண்டும் என்று அடம்பிடிப்பார், எப்படி மாடியிறக்குவது, யாரை உதவிக்குக் கூப்பிடுவது என்று அதற்குள் மனசில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"யார்னா ஒருத்தர வச்சி வெட்டிடச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு, கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.