பைத்தானைப் பையத்தான் படிக்கப் போன கதை

போன மாதம் ஒருநாள், எங்கள் பள்ளிக்கூட கரஸ்பாண்டென்ட் ரூமில்...

"ஜெசி டீச்சர், ஜூன்ல இருந்து ஆறாம் வகுப்புக்கு பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாடம் உண்டு. கணக்கு டீச்சரே எடுத்தாத்தான் நமக்குக் கட்டுப்படியாகும். நீங்க படிச்சிட்டு வந்தா சந்தோஷம். இல்லன்னா... வேற ஆள் பாக்க வேண்டியதுதான்."

பாளையங்கோட்டையில் பதினாலு வருஷமாகக் கணக்கு டீச்சர் நான். அந்த "இல்லன்னா" வீடு வரைக்கும் என் கூடவே வந்தது.

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் எல்லாம் மார்க் ஏற்றுவது மட்டும்தான்! (அதிலும் ஒரு தடவை எட்டாம் வகுப்பு மொத்தத்துக்கும் ஆப்சென்ட் போட்டவள்.)

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏட்டி, இதுக்கா அழுத? நம்ம ஊர்ல டீக்கடையவிட கம்ப்யூட்டர் சென்டர்தான் ஜாஸ்தி. நல்லதா ஒண்ணப் பிடிச்சிருவோம்."

முதல் சென்டர், வண்ணார்பேட்டை. கண்ணாடிக் கதவு, ஏசி, உட்கார்ந்ததும் காபி!

கழுத்தில் அட்டை தொங்க ஒரு அட்மிஷன் கவுன்சிலர் வந்தார்.

"மேம், பைத்தான் மட்டும் எடுத்தா யூஸ் இல்ல. டேட்டா சயின்ஸ், ஏஐ, கிளவுட் எல்லாம் சேர்த்து காம்போ. நாற்பத்தஞ்சு நாள்ல நீங்க எக்ஸ்பர்ட்!"

"காம்போல கூல்டிரிங்க்ஸ் உண்டா?" என்றார் வீட்டுக்காரர். (இவரை எங்கேயும் கூட்டிப்போக முடியாது.)

முந்தின நாள் ஒரு வீடியோவில் பார்த்த சந்தேகம் ஒன்று எனக்கு இருந்தது. அதைக் கேட்டேன்.

"சார், இதுல x = x + 1-ன்னு எழுதுதாங்களே. ரெண்டு பக்கமும் x-ஐ அடிச்சா பூஜ்யமும் ஒண்ணும் சமம்னு வருது. ஒரு பிள்ளை இப்படி எழுதினா நான் நோட்டத் தூக்கி எறிவேன். இது எப்படி சரி?"

அவர் சிரித்தார். ரிமோட்டை எடுத்து ஏசியைக் கூட்டினார்.

"அது மாட்யூல் செவன்ல வரும் மேம்."

"அதுவரைக்கும்?"

"அப்படியே மனப்பாடம் பண்ணிடுங்க மேம்."

பிள்ளைகளிடம் எதைச் செய்யாதே என்று பதினாலு வருஷமாகத் தொண்டை வற்றக் கத்துகிறேனோ, அதையே என்னைச் செய்யச் சொல்கிறார்! எழுந்துவிட்டேன். (காபியைக் குடித்த பிறகுதான்.)

இரண்டாவது, ஆன்லைன் கிளாஸ். போனில் ஒரு பெண்.

"மேம், ரெண்டு சீட்தான் இருக்கு. நாளைக்கு க்ளோஸ்!"

மறுநாளும் ரெண்டு சீட். அடுத்த வாரமும் அதே ரெண்டு சீட்! அவளிடமும் என் x கேள்வியைக் கேட்டேன்.

"மேம், உங்களுக்காக டென் பர்சன்ட் ஆஃபர் தரேன்."

கணக்கு உதைக்கிறது என்று சொன்னால் டிஸ்கவுன்ட் தருகிறாளே, இவளை என்ன செய்ய!

நாள் ஓடுகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. அப்போதுதான் எங்கள் சயின்ஸ் டீச்சர் ஒரு நம்பர் கொடுத்தாள். தச்சநல்லூரில் உரக்கடை மாடியில் ஒரு சின்ன சென்டர். நடத்துவது ஆயிஷா என்ற பெண். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவள்.

ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். அந்தப் பக்கம் ஒரே லாரி ஹாரன்.

"சொல்லுங்கக்கா, என்ன படிக்கணும்?"

"பைத்தான்."

"பையத்தான் படிக்கணுமா? அதுக்கென்னக்கா, பைய படிக்கலாம். என்ன படிக்கணும்?"

"பைத்தான்மா!"

"சரிக்கா, பையத்தான். நான் ஒண்ணும் விரட்ட மாட்டேன். கோர்ஸ் பேரச் சொல்லுங்க."

"அதான் பேரு! பைத்தான்!"

வீட்டுக்காரர் சோபாவில் இருந்து சரிந்து தரைக்கு வந்துவிட்டார்.

"பாம்பும்மா! மலைப்பாம்பு!" என்று கத்தினேன்.

அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் லாரி ஹாரனே கேட்கவில்லை!

நேரில் போய் அதே கேள்வியைக் கேட்டேன். ஆயிஷா மாட்யூல் நம்பர் எதுவும் சொல்லவில்லை. போர்டு பக்கம் போனாள்.

"அக்கா, கணக்குப்படி நீங்க சொல்லுதது சரிதான். ஆனா இங்கன இந்தக் குறிய 'சமம்'னு படிக்காதீங்க. 'இனிமே'ன்னு படிங்க. பஸ்ஸுல நாப்பது பேர் இருக்காங்க. நம்ம ஸ்டாப்ல ஒருத்தர் ஏறுதார். கண்டக்டர் என்ன செய்வார்? இருந்த ஆளோட ஒண்ணக் கூட்டிக்கிடுவார். x, இனிமே, x-ம் ஒண்ணும். அம்புட்டுதான்!"

அட! எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஜூனில் இதை அப்படியே ஆறாம் வகுப்பில் சொல்லலாமே!

"பிள்ளைங்க எனக்குத் தெரியாதது எதாவது கேட்டுட்டா?"

"எனக்கும் நிறையத் தெரியாதுக்கா. தெரியலன்னு சொல்லிட்டு, பாத்து மறுநாள் சொல்லுவேன்."

அந்த இடத்திலேயே சேர்ந்துவிட்டேன்.

நேற்று எனக்கு முதல் கிளாஸ். ஆறேழு பேர் இருந்தோம். கடைசி பெஞ்சில் தொப்பியும் மாஸ்க்குமாக ஒருவர் கை தூக்கினார்.

"மிஸ், பிரின்ட்னு அடிச்சா ஸ்கிரீன்லதான் வருது. பேப்பர் எங்கன வரும்?"

இந்தக் குரல்... தினமும் காலையில் அசெம்பிளியில் கேட்கிற குரல்! திரும்பிப் பார்த்தேன்.

கரஸ்பாண்டென்ட்!

அவர் மாஸ்க்கைக் கண்வரைக்கும் இழுத்தார். இடைவேளையில் பைய என் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், நீங்க என்னையப் பாக்கல."

"சரி சார், பாக்கல."

"எடுக்குதவங்கள நான் சூப்பர்வைஸ் பண்ணணும்லா? அதான்."

அவர் எனக்கு முன்னாலேயே சேர்ந்து ஒரு வாரம் ஆகிறதாம். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. விட்டால் இந்த நேரம் வராது என்று கேட்டேவிட்டேன்.

"சார், அப்ப ஜூன்ல எனக்கு..."

"ஜூன்லயா? நீங்க எங்கயும் போகப்பிடாது டீச்சர்! நீங்க போயிட்டா எனக்கு ஹோம்வொர்க் யாரு சொல்லித் தருவா?"

நோட்டை என் பக்கம் தள்ளினார்.

வாங்கிப் பார்த்தேன். மூன்று தப்பு. மூன்றையும் சிவப்பு மையில் சுழித்து, "மீண்டும் எழுதுக" என்று போட்டுக் கொடுத்தேன்!