பிந்தி வரும் வள்ளத்துக்கு ஒரு வழக்குரை

வாசகர்களே, தீர்ப்பை உங்களிடம் கேட்கவில்லை. அனலைதீவுப் பாடசாலை மண்டபத்தில் அன்று என் பக்கத்தில் நின்ற சாட்சிகளாக மட்டும் இருங்கள்.

அப்போது நான் கல்லூரி விவாத அணியின் தலைவன். எதிரணியை அதன் சொற்களாலேயே மடக்குவேன் என்ற செருக்கு எனக்கு உண்டு. எங்கள் தீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே மோட்டர் வள்ளம் ஓட்டியது ஒரு சிறிய கம்பனி. கம்பனி என்றால் அண்ணன், தம்பி, அவர்களுடைய மைத்துனர், ஒரு பழைய எஞ்சின், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோகும் வீட்டார் வேலிப் பனையில் வெள்ளை வேட்டியைக் கட்டுவார்கள். அது தெரிந்தால், ஆள் கரைக்கு வரும்வரை வள்ளம் புறப்படாது. ஏறியிருந்தவர்கள் வெயிலில் முணுமுணுப்பார்கள். ஆயினும் புகையிலையோ வெங்காயமோ, எல்லாவற்றையும் அவர்களிடமே ஏற்றுவார்கள். தம் வீட்டு வேட்டியும் ஒருநாள் ஏறும் என்பது எவருக்குத் தெரியாது? அந்தக் காத்திருப்பே கம்பனியின் மூலதனம்.

பட்டினத்துப் பெரிய கம்பனி ஒன்று அதே ஓட்டத்துக்கு அனுமதி கேட்டது. இருவரில் ஒருவருக்கே கிடைக்கும் என்றார்கள். விசாரிக்க அதிகாரி வந்தார். ஊருக்காகப் பேச என்னை நிறுத்தினார்கள். ஆதாயமும் அறமும் ஒரே வள்ளத்தில் பயணம் செய்யும் என்று தொடங்கும் உரை என் நாவில் ஆயத்தமாக இருந்தது.

அதிகாரி முதலில் ஊரவரைக் கேட்டார். "இந்த வள்ளம் நேரத்துக்கு வெளிக்கிடுமோ?"

முன்வரிசைப் புகையிலைத் தோட்டக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒருநாளும் இல்லை, ஐயா! வருத்தக்காரர் எண்டால் நிக்கும். என்ரை மனுசிக்காக ஒரு மணித்தியாலம் நிண்டது."

"ஒரு மணித்தியாலமோ?" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. "எங்கடை மாமிக்கு மத்தியானம் வரைக்கும் நிண்டதெல்லோ! அவ சீலை தெரிஞ்செடுத்து முடியவேணுமே!"

மண்டபம் சிரித்தது. வள்ளம் பிந்திய கதைகளை ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பெருமையாக அடுக்கினார்கள். நான் பதறி எழுந்தேன். "பொறும் தம்பி, நாங்களும் சொல்லுறம்" என்று தோட்டக்காரர் என்னை இருத்தினார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார்.

என் முறை வந்து நான் பேசி முடிப்பதற்குள் அதிகாரி பேனையை மூடிவிட்டார். "நல்லாப் பேசுறீர். ஆனால் நேரம் தவறுற வள்ளமெண்டு உம்மடை ஆக்களே சொல்லிப்போட்டினமே."

அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. அனுமதி பட்டினத்துக் கம்பனிக்கே போனது.

பட்டினத்து வள்ளம் ஓடத் தொடங்கியது, நேரம் தவறவேயில்லை. ஒருநாள் காலை நானும் அதில் ஏறியிருந்தேன். தோட்டக்காரர் வீட்டுப் பனையில் வேட்டி பறந்தது. ஓட்டியிடம் காட்டினேன்.

"ஏலாது தம்பி. பிந்தினால் என்ரை வேலை போயிடும்."

கயிறு அவிழ்ந்தது. பிரசவ வலியில் துடித்த தோட்டக்காரரின் மகளைக் கதிரையில் வைத்துத் தூக்கியபடி நாலு பேர் மணலில் ஓடிவந்தார்கள். மேடைகளை அதிரவைத்த குரலால் கத்தினேன்; எஞ்சின் அதை விழுங்கியது. எங்களுக்கிடையே நீர் அகன்றுகொண்டே போனது.

பின்னேர வள்ளத்தில் அவளைக் கொண்டுபோனார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

செத்தவீட்டு முற்றத்தில் தோட்டக்காரர் என் கையைப் பிடித்தார். "அண்டைக்கு நான் வாய் திறந்திருக்கப்படாதோ, தம்பி?"

எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "நீங்கள் சொன்னதிலை பிழையில்லை, அண்ணை. இனி நான் போற நாளிலை வள்ளக் கயித்தை என்ரை கையிலை சுத்தி வைச்சிருப்பன். வருத்தக்காரர் வந்து ஏறுமட்டும் விடமாட்டன்."