டவுட்டு துலுக்கானமும் ஒரு சிவப்பு விளக்கும்

திருநின்றவூரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறுவான் துலுக்கானம். பட்டாபிராம் தாண்டுவதற்குள் சந்தேகம் வந்துவிடும். பூட்டினோமா, இல்லையா? பெண்சாதி வேம்புலியம்மாள் அதற்கு முன்பே சித்தாள் வேலைக்குப் போயிருப்பாள், கேட்க ஆளில்லை. ஆவடியில் இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பிப் போய், சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ரயிலேறுவான். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று கேட்காதீர்கள், இருந்தான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் துலுக்கானம் என்றால் யாருக்கும் தெரியாது. ‘டவுட்டு’ என்றால் டீக்கடைக்காரர்கூடக் கை நீட்டி வழி காட்டுவார்.

அவன் அப்பா ஊரார் நிலத்தில் வரப்பு வெட்டியே ஓய்ந்தவர். இவன் பிளாஸ்டிக் பக்கெட் செய்கிற கம்பெனியில் மூட்டை தூக்கச் சேர்ந்தான். எண்பத்தொன்பதில் அங்கே சில்லர் வந்து இறங்கியது. கொதிக்கிற அச்சுகளை ஆற்றுவதற்காகத் தண்ணீரைச் சில்லென்று ஆக்கி அனுப்புகிற மெஷின். ஒரு லாரி நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் போகவே எல்லோருக்கும் பயம். “எதையும் நாலு தரம் பாக்கற ஆளு, இவனே பாத்துக்கட்டும்” என்று சூப்பர்வைசர் பாஸ்கரன் அதை இவன் தலையில் கட்டிவிட்டார். மாட்ட வந்த மெக்கானிக் பாதி இந்தியிலும் பாதி கை ஜாடையிலும் சொல்லிவிட்டுப் போனதில் இவனுக்குப் பிடிபட்டது அரைகுறைதான். மிச்சத்தைப் பயமே கற்றுக்கொடுத்தது.

நிறுத்தும்போது முதலில் குளிர்ச்சி உண்டாக்குகிற கம்ப்ரசரை நிறுத்த வேண்டும். தண்ணீர் பம்பைக் கூடவே நிறுத்திவிடக் கூடாது, உள்ளே தேங்குகிற தண்ணீர் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் பம்பு, அப்புறம் மாடியில் சூட்டை வெளியே தள்ளுகிற டவர் காற்றாடி. எல்லாம் நின்ற பிறகும் ஒரு சுவிட்சை மட்டும் தொடவே கூடாது. அது கம்ப்ரசர் வயிற்றில் இருக்கும் எண்ணெயைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டர் சுவிட்ச். அதற்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஹீட்டர் நின்றால் எண்ணெய் ஆறிவிடும், குளிர்ச்சிக்காக உள்ளே ஓடுகிற கேஸ் போய் அதில் கலந்துவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் குலுக்கிய கோலி சோடாவைத் திறந்த மாதிரி எண்ணெய் நுரைத்துக்கொண்டு வெளியே ஓடிவிடும், இரும்போடு இரும்பு உரசிக் கம்ப்ரசர் காலி. ஆறிப்போன எண்ணெயை ஒரு பகல், ஒரு ராத்திரி சூடேற்றிய பிறகே பட்டனில் கை வைக்கலாம். துலுக்கானத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதையும் சரியாகத்தான் தெரிந்துகொண்டிருக்கிறோமா என்று அடிக்கடி சந்தேகம்.

தொண்ணூற்று மூன்றில் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் முதலாளி ரகுநாதன் அவனைக் கூப்பிட்டார். “விஜயதசமி அன்னிக்கு நல்ல நேரத்துல உன் கையால சில்லரை ஸ்டார்ட் பண்ணு. அன்னிக்கே உன்னை பர்மனென்ட் பண்றேன்.” எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! துலுக்கானம் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தான். பர்மனென்ட் என்று சொன்னாரா, பார்க்கலாம் என்று சொன்னாரா? திரும்பப் போய்க் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பூஜையன்று வரிசையை வாயால் சொல்லிக்கொண்டே மெஷினை நிறுத்தினான். கழுவித் துடைத்துச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மாலை போட்டான். எல்லோர் வீட்டுக் குடும்பமும் வந்திருந்தது. வேம்புலியம்மாள் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, “இது எங்க ஊட்டுக்காரரு மெஷினு” என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். கற்பூரம் காட்டியாயிற்று. பொரியும் சுண்டலும் வாங்க இவன் வரிசையில் நின்றான். அவன் திரும்பி வருவதற்குள் ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை நல்ல மழை. துலுக்கானம் போனபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிம்மதியாகக் கம்ப்ரசரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தான்.

ஜில்லென்றிருந்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். வெதுவெதுப்பாக இருக்க வேண்டிய இடம்! விளக்கு எரிகிறது, ஆனால் சூடில்லை. ஒருவேளை நேற்றுத் தானே அணைத்துவிட்டோமா? விளக்குக்குக் குங்குமம் வைத்தபோது அது எரிந்தது ஞாபகம் இருந்தது. அது நேற்றா, போன வருஷமா? வாட்ச்மேன் பரந்தாமனிடம் ஓடினான்.

“விடிஞ்சதும் எல்லா சுவிட்சையும் போடச் சொன்னாரு மொதலாளி. வரிசையா தூக்கி வுட்டேன். எது மேல இருந்துச்சி, எது கீழ இருந்துச்சின்னு எவன் பாத்தான்?” என்றார் பரந்தாமன்.

பாஸ்கரனை இழுத்து வந்து தொட்டுப் பார்க்கச் சொன்னான்.

“சந்தனத்தை இம்மாம் பெரிசா அப்பி வெச்சிகினு குளிருதுன்றியே! ராத்திரி பூரா மழை வேற. லைட்டு எரியுதுல்ல? போட்டுத் தொலைடா.”

அதுவும் சரிதானே. சந்தனத்தின் குளிர்ச்சியா, எண்ணெயின் குளிர்ச்சியா? துடைத்துவிட்டுத் தொட்டால் தெரியும். ஆனால் பூஜை போட்ட சந்தனத்தை, மெஷின் ஓடுவதற்கு முன்னால், விஜயதசமியன்று துடைக்கவா? சந்தனம் படாத அடிப்பக்கம் விரலை நுழைத்துப் பார்த்தான். அங்கேயும் குளிர்தான். அந்தப் பக்கம் சாரல் அடித்திருந்தது. மழையோ என்னவோ! போச்சுடா என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

முதலாளி வந்தார். கூட்டம் கூடியது. எலுமிச்சம்பழம் வைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள்.

“அழுத்துய்யா, நேரம் போகுது.”

துலுக்கானத்தின் விரல் கம்ப்ரசர் பட்டன் மேலே நின்றது. அழுத்தினால் பர்மனென்ட். கம்ப்ரசர் உடைந்தால்? உடையாவிட்டால்? ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் உள்ளங்கையில் இருந்த அந்த ஜில் மட்டும்தான். விரல் நகர்ந்து பக்கத்துப் பட்டனை அழுத்தியது. பம்பு உறுமியது, குழாய்கள் அதிர்ந்தன, கூட்டம் கைதட்டியது.

“கம்ப்ரசர் எங்கடா?” என்று காதருகே சீறினார் பாஸ்கரன்.

“நாளைக்கிப் போடலாம் அண்ணாத்தே. எண்ணெ சூடாவட்டும்.” பிறகு முதலாளி பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டு, “பம்பு ஓடுது மொதலாளி. பெரிய மெஷினை மட்டும் இன்னிக்கி வேணாம். எனக்கு டவுட்டா கீது” என்றான்.

முதலாளியின் முகம் சிவந்தது. “இன்னைக்கு நின்னா வருஷம் பூரா நிக்கும், தெரியுமா? டவுட்டாம் டவுட்டு! பர்மனென்டாவது மண்ணாவது, போய்யா!” என்று கற்பூரத் தட்டை வைத்துவிட்டுப் போனார். போட்டே ஆகவேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அவருக்கும் உள்ளே பயம் தட்டிவிட்டது போலிருக்கிறது.

“நாளைக்கி நல்லா ஓடிச்சின்னா இன்னிக்கும் ஓடியிருக்கும்னுதானடா அர்த்தம்?” என்றார் பாஸ்கரன்.

துலுக்கானம் மறுபடி கம்ப்ரசரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான்.

மறுநாள் கம்ப்ரசரின் வயிறு இதமாகச் சுட்டது. பட்டனை அழுத்தியதும் பூப்போல ஓடியது. ஷெட்டே விழுந்து விழுந்து சிரித்தது. ஒன்றுமில்லாததற்குப் பர்மனென்டைத் தொலைத்தவன் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. அவனுக்கே அப்படித்தான் தோன்றியது. அழுகை அழுகையாக வந்தது.

அன்று சாயங்காலம் சோறு போடும்போது வேம்புலியம்மாள் சொன்னாள்: “இனிமேலாச்சும் அந்த செவப்பு லைட்ட மறக்காம அணைச்சிடுய்யா.”

சோற்றில் கை அப்படியே நின்றது. “எந்த லைட்டுமே?”

“பூசைக்கு வந்தப்போ பாத்தேன். எல்லா மெஷினும் கண்ண மூடிகினு கெடக்குது, உன்னுது மட்டும் முழிச்சிகினு கீது. பூசை போட்டாக்கா ஊட்ல அருவாமனையக்கூட தொட வுடமாட்ட. நீயே மறந்துட்டன்னு மொதலாளி பாத்தா மானம் பூடும்ல? நீ பொரி வாங்கப் போனப்போ நான்தான் சுவிட்ச கீழ இட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ கொழம்புவ.”

குதித்து எழுந்து, அடுத்த ரயிலைப் பிடித்து, பாஸ்கரன் வீட்டுக் கதவைத் தட்டி, ‘பாத்தியா அண்ணாத்தே, ஆறிதான் கெடந்துது!’ என்று கத்த வேண்டும் போலிருந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு விஷயம் அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்திருக்கிறது. சொன்னால் பர்மனென்டே திரும்பிக் கிடைக்கலாம். ஆனால் டவுட்டு பெண்டாட்டி மெஷினைக் கொல்லப் பார்த்தாள் என்று எஸ்டேட் முழுக்கவும் பேசும். அப்புறம் எந்தப் பூஜைக்கும் அவளைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அவளோ புருஷன் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாய்யா, தப்பு பண்ணிட்டனா?”

“தப்பெல்லாம் ஒண்ணுமில்லமே. ரசம் ஊத்து.”

அடுத்த வருஷப் பூஜையில் அந்தச் சுவிட்சைச் சுற்றிச் சாமந்திச் சரம் சுற்றி, எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டாக வைத்தான். பூஜை போட்ட பொருளில் அங்கே யாரும் கை வைக்கமாட்டார்கள். “இது மட்டும் எரியலாமா?” என்று வேம்புலியம்மாள் கேட்டாள். “இது அணைக்கக் கூடாத வெளக்குமே” என்றான். அவள் அதற்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

வருஷம் பூரா சில்லர் ஒரு தடவைகூட மக்கர் பண்ணாததால், அன்று குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்தபோதே முதலாளி அவனைப் பர்மனென்ட் என்று அறிவித்தார். “இனிமேலாவது வீணா சந்தேகப்படாம இருய்யா” என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தோடு வேம்புலியம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துலுக்கானம் அவளைப் பார்த்துவிட்டு, “சரிங்க மொதலாளி” என்றான்.