நிறுத்திய மாத்திரை

பஸ் டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். ஓட்டிய காலமெல்லாம் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஒரு நாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இல்லை. தொண்ணூற்றிரண்டு வயதிலும் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்ளும் பிடிவாதக்காரர். அந்த மனுஷனின் கண் ஒரு காலையில் மஞ்சளாக இருந்ததைப் பார்த்ததும் மகள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஓய்வுபெற்ற தையல் டீச்சர் அவள், வயது அறுபத்தாறு. வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான். அவருக்கு அவள் இன்னும் பாப்பா.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, பித்தநாளத்தில் கல் அடைத்திருக்கிறது என்றார். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு, நாளத்தின் வாயைக் கொஞ்சம் வெட்டி விரித்துக் கல்லை எடுத்துவிடலாம் என்றார். இந்த வயதில் தாங்குவாரா என்று மகள் கேட்டாள்.

"வயசு மட்டும் பிரச்சினை இல்லம்மா. இவரைவிடப் பெரியவங்களுக்கும் செஞ்சிருக்கோம். மயக்கத்துல மூச்சு, இதயம் ரெண்டையும் பாத்துக்கணும். கணையம் வீங்கலாம், ரத்தம் கசியலாம். ஆனா கல்லை விட்டுவெச்சா கிருமி ரத்தத்துல ஏறிடும். அதுதான் பெரிய ஆபத்து."

ரத்தம் கசியும் என்பது மட்டும் அவள் காதில் தங்கிப்போனது. இதயத்துக்காக அவர் சாப்பிடுகிற, ரத்தத்தை உறையவிடாத மாத்திரையை இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். அப்பா அப்போது வெளியே ரத்தப் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தார். சொன்னால் பயந்துவிடுவார் என்று அவரிடம் அவள் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வந்ததும், அவருடைய மாத்திரைகளை அவள் எடுத்துவைக்கும் டப்பாவிலிருந்து அந்த மாத்திரையை மட்டும் எடுத்துவிட்டாள். உண்மையில் பயந்தது யார் என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

சிகிச்சை அறைக்கு வெளியே, அவரைப் படுக்கையில் கிடத்திய பிறகு, டாக்டரம்மா கடைசியாக ஒருமுறை கேட்டார். மாத்திரை நிறுத்தியாயிற்றா? ஆயிற்று என்றாள் மகள்.

"இல்லம்மா, காலையிலகூடப் போட்டேன்," என்றார் அப்பா. "பாப்பா டப்பாவுல வெக்க மறந்துட்டா. நானே அலமாரியிலேருந்து எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

அவள் மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் எடுத்திருந்தாள். தன் கையாலேயே அப்பாவைக் கொன்றுவிட்டோமா என்று நின்றாள். டாக்டரம்மா பதறவில்லை. கிருமி ஏறுமுன் அடைப்பைத் திறந்தாக வேண்டும். ஆனால் இன்று வெட்டப் போவதில்லை, கல்லைத் தாண்டிச் சின்னப் பிளாஸ்டிக் குழாயை வைத்துப் பித்தத்தை வடியவிடலாம், கல்லைப் பிறகு வந்து எடுக்கலாம் என்று சொல்லி உள்ளே போனார்.

கதவு திறக்கும்போதெல்லாம் மகள் எழுந்து நின்றாள். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ வந்தார்கள். கடைசியில் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவளுக்குப் போன உயிர் திரும்பியது. பித்தம் நன்றாக வடிகிறது, மூச்சும் சீராக இருக்கிறது என்றார்கள்.

சாயங்காலம் அவர் தெளிந்ததும் சண்டைக்குத் தயாரானாள். வைக்கவில்லை என்றால் கேட்கக் கூடாதா, இப்படித் திருட்டுத்தனமாகவா எடுத்துப் போடுவது என்று பொரிந்தாள்.

"கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான். ஒரு வருஷமா அப்படித்தானேம்மா போட்டுக்கறேன்."

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் மகளைக் காட்டினார்.

"டாக்டரம்மா, என்னைப் பாத்தது போதும். இவ வாரத்துல ரெண்டு மூணு நாள் மறந்துடறா. அடுப்பைக்கூட நான்தான் அணைக்கறேன். இவளை யாருகிட்டக் காட்டணும், சொல்லுங்க."